பட்டம்மாளின் கையெழுத்து: ஆதரவு, அனுமதி, கடன்

1

கடந்த மாதம் ஒரு கைப்பிரதி வந்தது. அறுபது கவிதைகள். எழுதியவர் சிற்றூர்ப் பெண். பகல் முழுக்க ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலை, இரவில் எழுத்து. முதல் தொகுப்பு. கூடவே ஒரு கடிதம்: 'அக்கா, நீங்க ஒரு முன்னுரை தரணும். புதுப் பொண்ணு, தெரிஞ்ச பேரு ஒண்ணு முன்னாடி இருந்தாத்தான் புத்தகம் நகரும்னு பதிப்பாளர் சொல்றாரு.'

நானும் ஒரு 'தெரிஞ்ச பேரு' ஆகிவிட்டேன் என்பதில் முதலில் சந்தோஷம்தான். அதை ஒளிப்பதற்கில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் அந்தச் சந்தோஷத்தின் மேலேயே சந்தேகம் வந்தது.

தமிழில் ஒரு பெண்ணின் முதல் புத்தகத்துக்கு எழுதப்படும் முன்னுரை எந்த வகையான பிரதி? இது ஜாமீன் பத்திரம் என்றே எனக்குத் தோன்றுகிறது. 'இவரை எனக்குத் தெரியும், இவர் எழுதுவது கவிதைதான்' என்று ஏற்கனவே உள்ளே இருக்கும் ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். 'சகோதரி', 'மகள் போன்றவர்' என்று உறவு சொல்லப்படுகிறது. 'குடும்பப் பொறுப்புகளுக்கு நடுவிலும்' என்று ஒரு பாராட்டு வருகிறது. ஆண் கவிஞரின் தொகுப்பில் இந்தக் கடைசி வாக்கியத்தைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. அவருக்கும் குடும்பம் உண்டு. பொறுப்புதான் வேறு யாரிடமோ இருக்கிறது.

வழிகாட்டி, தோழமை, முன்மாதிரி என்னும் மூன்று சொற்கள் பெண்களின் பணிவாழ்க்கை பற்றிய பேச்சில் இன்று மந்திரம்போல ஓதப்படுகின்றன. மகளிர் தினத்தன்று கல்லூரி மேடைகளிலும் கம்பெனிகளின் கூட்ட அரங்குகளிலும் கேட்கலாம். 'நல்ல மென்ட்டர் அமைஞ்சா போதும்மா, நீ எங்கயோ போயிடுவ.' இந்த ஆலோசனையை நான் முழுக்கத் தள்ளவில்லை. கை கொடுக்க ஆள் இல்லாமல் எந்தப் பெண்ணும் இங்கே எழுத்தாளராகவோ மருத்துவராகவோ ஆனதில்லை. ஆனால் கை கொடுத்தவர்களில் யாருடைய பெயர் எழுதப்படுகிறது, யாருடைய பெயர் விடுபடுகிறது என்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அனுமதி தந்தவரின் பெயர் நிற்கிறது. உழைப்பைத் தந்தவரின் பெயர் உதிர்ந்துவிடுகிறது. இதைச் சில வாழ்க்கைகளை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

2

வை.மு. கோதைநாயகி 1901-இல் பிறந்தவர். ஐந்து வயது கடந்ததுமே திருமணம். பள்ளிக்கூடம் போனதில்லை. 115 நாவல்கள் எழுதினார். 1925-இலிருந்து 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையைப் பொறுப்பேற்று நடத்தினார். சிறை சென்றார், மேடை ஏறினார், பாடினார். இவரைப் பற்றிய எந்தக் குறிப்பை எடுத்தாலும் கணவர் பார்த்தசாரதியின் பெயர் வரும். மனைவியை நாடகம் பார்க்க அழைத்துப் போனவர், தடுக்காதவர், துணை நின்றவர். நியாயமான பெயர்தான், அதைக் குறைக்க நான் வரவில்லை.

ஆனால் அவருடைய முதல் படைப்பான 'இந்திரமோகனா' நாடகம் எப்படிக் காகிதத்துக்கு வந்தது? கோதைநாயகிக்குக் கதை சொல்ல வரும், சரளமாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்லப் பட்டம்மாள் என்ற தோழி எழுதினார். 1924-இல் அது நூலானது. (பாடகி டி.கே. பட்டம்மாள் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இந்தப் பட்டம்மாளுக்கு நம் இலக்கிய வரலாற்றில் கிடைத்திருக்கும் இடம் ஒரே ஒரு வாக்கியம். 'தோழி பட்டம்மாள் எழுதித்தந்தார்' என்பதோடு அவர் பிரதியிலிருந்து வெளியேறிவிடுகிறார். அந்த வாக்கியத்துக்குள் எவ்வளவு வேலை அடங்கியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நாடகம் முழுவதையும் வாயிலிருந்து கேட்டு எழுத வேண்டும். சொல்பவர் நடுவில் மாற்றுவார், அடித்துத் திருத்த வேண்டும். பாத்திரத்தின் பேச்சு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை எழுதுகிற கைதான் தீர்மானிக்கும். இதற்கெல்லாம் வீட்டு வேலைக்கு நடுவே நேரம் வேண்டும். இவரை எழுத்தர் என்பதா, முதல் வாசகர் என்பதா, பதிப்பாசிரியர் என்பதா? 'தோழி' என்ற ஒரே சொல் இத்தனை வேலைகளையும் மூடிவிட்டது.

தடுக்காமல் இருப்பது ஆதரவு என்று எண்ணப்பட்டு நினைவில் நிற்கிறது. ஒரு நாடகத்தை எழுதித்தருவது சிநேகம் என்று சொல்லி மறக்கப்படுகிறது. ஆண் செய்தால் தியாகமாகவும் பெண் செய்தால் சுபாவமாகவும் ஆகிவிடுகிற பழைய கதையாடலின் இலக்கிய வரலாற்று வடிவம் இது.

3

'முதல் பெண்' என்ற பட்டத்துக்கு வருவோம். முன்மாதிரி அரசியலின் மையம் இதுதான்.

முத்துலெட்சுமி ரெட்டி 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி, மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். ஆண்கள் படித்த அந்தக் கல்லூரியில் இவரைச் சேர்க்க எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி தந்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912-இல் பட்டம். பள்ளிப் பாடங்களில் வாசிப்பது இந்தக் கதையைத்தான்: தந்தை, மன்னர், மேதையான மகள்.

தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். மகளுக்குச் சீக்கிரம் கல்யாணம் ஆகவேண்டும் என்று அவர் பதறியதாகச் சொல்லப்படுவதுண்டு. உடனே நாம் தாயைப் பிற்போக்கு என்றும் தந்தையை முற்போக்கு என்றும் இரண்டு பெட்டியில் போட்டுவிடுகிறோம். அவசரம் வேண்டாம். கல்யாணம் என்ற மரியாதையே மறுக்கப்பட்ட மரபிலிருந்து வந்தவள் மகளுக்கு அதைத்தான் முதலில் கேட்பாள். கல்லூரி என்ற கனவைக் காண்பதற்கு ஒரு முதலீடு வேண்டும். அது தந்தையின் சாதியிலும் பதவியிலும் இருந்தது, தாயிடம் இல்லை. பிற்காலத்தில் மகள் சட்டமன்றத்தில் நின்று தேவதாசி முறைக்கு எதிராகப் பேசியபோது, அந்தப் பேச்சின் வேர் தாய்வழியில்தான் கிடந்தது.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது முத்துலெட்சுமி ஒரு நிபந்தனை வைத்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. பெருந்தன்மையை நம்பி அவர் காத்திருக்கவில்லை, ஒப்பந்தம் பேசினார். பெருந்தன்மையைக் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தை மீறினால் கேள்வி கேட்கலாம். அதேபோல, அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பும் முயற்சியில் பின்னால் நின்றது இந்திய மாதர் சங்கம். 1917-இல் அடையாறில் தொடங்கப்பட்ட அமைப்பு. 1927-இல் அவர் சட்டமன்றத் துணைத்தலைவர் ஆனதைத் தனிமனித மேதையின் கதையாகச் சொல்லும்போது இந்தக் கூட்டு உழைப்பு காணாமல் போகிறது.

இன்னொன்றும் காணாமல் போகிறது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1878-இல் அங்கே சேர்ந்தவர் கிருபாபாய் சத்தியநாதன். உடல்நலம் கெட்டதால் படிப்பை முடிக்க முடியவில்லை. பின்னர் ஆங்கிலத்தில் 'சகுணா' என்ற தன்வரலாற்று நாவலை எழுதினார். 1894-இல், முப்பத்திரண்டு வயதில், இறந்துபோனார். முன்மாதிரிப் பட்டியலில் கிருபாபாய்க்கு இடம் கிடையாது, ஏனென்றால் அவர் முடிக்கவில்லை. ஆனால் கல்லூரி வாசலில் பெண்ணைப் பார்த்துப் பழகிய கண்கள் அவரைப் போன்றவர்களால்தான் உண்டாயின. பாதியில் நின்றவர்கள் போட்ட வழியில்தான் முடித்தவர்கள் நடந்தார்கள். 'முதல் பெண்' என்ற பட்டம் அந்த வரிசையைக் கலைத்துவிட்டு ஒருவரை மட்டும் பீடத்தில் ஏற்றுகிறது. கீழே நிற்கும் பெண்ணிடம் 'அவங்களால முடிஞ்சதே, உன்னால ஏன் முடியல?' என்று கேட்கவும் அதே பீடம் பயன்படுகிறது. இப்படிப்பட்ட முன்மாதிரி ஆதரவா, மிரட்டலா?

4

இதுவரை மற்றவர்கள் கதை. இனி என் கணக்கு.

2010-இல் முதுகலைத் தமிழ் இறுதியாண்டு. தொண்ணூறு பக்கத்தில் ஒரு திட்டக்கட்டுரை கொடுக்க வேண்டும். நாட்டுப்புறப் பாடல்களில் பெண் குரல் என்பது தலைப்பு. சமர்ப்பிக்க ஒரு மாதம் இருக்கும்போது எனக்கு டைஃபாய்டு. என் அறைத்தோழி மாலையில் ஒரு டி.டி.பி. கடையில் வேலை பார்த்துத் தன் செலவைச் சமாளித்துக்கொண்டிருந்தாள். கடை சாத்திய பிறகு உட்கார்ந்து என் கட்டுரையை அடித்தாள். காசு வாங்கவில்லை. என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். புரியாத இடத்தில் என் படுக்கைக்கு வந்து கேட்பாள். காய்ச்சலில் நான் என்னத்தைச் சொன்னேனோ. இரண்டாம் இயலின் கடைசி ஆறு பக்கத்துக்கு என்னிடம் குறிப்புகள் மட்டுமே இருந்தன. அவற்றை வாக்கியமாக்கியவள் அவள். ஒப்பாரியில் பெண் அழுவதுபோலக் கணக்குக் கேட்கிறாள் என்ற கருத்து அந்த ஆறு பக்கத்தில்தான் வருகிறது. வாய்மொழித் தேர்வுக்கு வந்த பேராசிரியர் அந்த இடத்தைப் படித்துக்காட்டிப் பாராட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு 'நன்றி ஐயா' என்றேன்.

சில வாரங்களுக்கு முன் அந்தக் கட்டுரையைத் தேடியெடுத்து நன்றியுரையைப் படித்தேன். துறைத்தலைவருக்கு நன்றி. ஒரு இயலைக்கூட முழுசாகப் படிக்காமல், 'பொண்ணுங்க எம்.ஏ. முடிச்சா கல்யாணப் பத்திரிகையில போட்டுக்கலாம்' என்று சிரித்த நெறியாளருக்கு 'தந்தையைப் போல் வழிநடத்திய' என்ற அடைமொழியோடு நன்றி. நூலகருக்கு, பெற்றோருக்கு நன்றி. கடைசி வரியில் 'அழகுற ஒளியச்சு செய்து தந்த' கடைக்கு நன்றி. கடையின் பெயரைப் போட்டிருக்கிறேன், அவள் பெயரைப் போடவில்லை.

ஏன் போடவில்லை? மறதி என்று சொன்னால் பொய். நன்றியுரை மேலே இருப்பவர்களை நோக்கி எழுதப்படும் வடிவம் என்று எனக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது. யாரால் எனக்கு மேற்கொண்டு ஏதாவது நடக்குமோ அவர்களுக்குத்தான் நன்றி. பக்கத்துப் படுக்கையில் தூங்குகிறவளுக்கு எதற்கு? அதோடு அந்த ஆறு பக்கம் என்னுடையதாகவே இருக்கட்டும் என்ற திருட்டு ஆசையும் இருந்தது. பட்டம்மாளுக்காக இலக்கிய வரலாற்றோடு சண்டை போடுகிற நானே ஒரு பட்டம்மாளை அழித்தவள். அவள் இப்போது வேறொரு ஊரில், வீட்டிலிருந்தபடி பிறருடைய ஆய்வேடுகளை அடித்துக்கொடுக்கிறாள். நான் விமர்சகர்.

போன் செய்தேன். இந்தக் கட்டுரையில் உன் பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். சிரித்தாள். 'இப்ப எழுதி என்னடி ஆவப்போவுது? அந்தப் பக்கத்துல இருந்திருக்கணும். இப்ப எழுதினா அது உனக்குத்தான் நல்ல பேரு.' அதனால் எழுதவில்லை.

5

கொடுத்தவருக்குப் பெயரும் வாங்கியவருக்குக் கடனும் உண்டாக்காத கொடை எதுவும் இல்லை என்பது மார்ஸல் மோஸ் 1925-இல் எழுதிய 'கொடை' பற்றிய ஆய்வின் சாரம். வழிகாட்டல் என்ற கொடையில் இந்தக் கடன் பெண்ணின் மேல் இரட்டை வட்டியோடு ஏறுகிறது. அவள் நன்றியோடு மட்டும் இருந்தால் போதாது, பணிவாகவும் இருக்க வேண்டும். கருத்து மாறுபட்டால் 'நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்' என்ற பேச்சு வரும். இன்னும் மோசமான பேச்சும் வரும். அப்படியானால் கடனாகாத ஆதரவு உண்டா?

வர்ஜீனியா வுல்ஃப் 1929-இல் வெளியிட்ட 'தனக்கென ஓர் அறை' நூலின் கதைசொல்லிக்கு ஒரு அத்தை இருக்கிறாள். பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்து செத்துப்போகிறாள். ஆண்டுக்கு 500 பவுண்டு கிடைக்கும்படி எழுதி வைத்துவிட்டுப் போகிறாள். பெண்களுக்கு வாக்குரிமை வந்த அதே காலத்தில் வந்த இந்தப் பணம்தான் தனக்கு வாக்கைவிடப் பெரிதாகப் பட்டது என்கிறாள் கதைசொல்லி. எனக்கு இந்த அத்தையைப் பிடிக்கும். அவள் அறிவுரை எதுவும் சொல்லவில்லை, முன்னுரை எழுதவில்லை. (பம்பாயில் குதிரையேறிய ஒரு வெள்ளைக்கார அத்தையின் சொத்து எங்கிருந்து வந்திருக்கும் என்று நாம் கேட்காமலும் இருக்க முடியாது.)

நம் பக்கத்தில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். தேவதாசி முறைக்கு உள்ளிருந்து வெளியேறி அதை எதிர்த்தவர். 1936-இல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதியவர். இவர் பெயரில் தமிழக அரசு 1989-இல் தொடங்கியது திருமண உதவித் திட்டம். 2011-இல் அதோடு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022-இல் அதே பெயர் உயர்கல்வி உறுதித் திட்டத்துக்கு வந்தது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய். தாலியிலிருந்து கல்லூரிக்கு வர ஒரு பெயருக்கு முப்பத்து மூன்று ஆண்டு பிடித்திருக்கிறது. ஆயிரம் ரூபாய் போதாது என்பது வேறு விவாதம். ஆனால் வங்கிக் கணக்கில் விழும் அந்தப் பணத்துக்காக அந்தப் பெண் எந்தப் பேராசிரியரின் வீட்டுக்கும் காய்கறி வாங்கிப் போக வேண்டியதில்லை. உரிமையாக வருகிற ஆதரவுக்கும் தயவாக வருகிற ஆதரவுக்கும் வித்தியாசம் இங்கேதான்.

சல்மாவின் வாழ்க்கையில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. துவரங்குறிச்சியில் பதின்ம வயதின் தொடக்கத்திலேயே பள்ளி நின்றது. திருமணத்துக்குப் பிறகு ஒளித்து எழுதிய கவிதைகளை வெளியே சேர்த்தது அவருடைய தாய். மகளை வீட்டுக்குள் வைத்த அதே ஒழுங்கின் காவலில் இருந்தவரே கள்ளத்தனமாகத் தபால்காரரும் ஆனார். 2000-இல் முதல் தொகுப்பு வந்தது. 2001-இல் பேரூராட்சித் தலைவர் பதவி பெண்ணுக்கென ஒதுக்கப்பட்டதால் குடும்பமே அவரை நிற்கச் சொன்னது. தம் கைக்குள் இருப்பார் என்ற எண்ணத்தில்தான் இப்படிப் பல வீடுகளில் பெண்களை நிறுத்துகிறார்கள். ஆனால் சட்டம் கதவைத் திறந்தபோது உள்ளே ஏற்கனவே ஒரு கவிஞர் தயாராக இருந்தார். 2025-இல் அவர் மாநிலங்களவை உறுப்பினர். தாயின் கள்ளத் தபால் மட்டும் இருந்திருந்தால் கவிதை வந்திருக்கும், பதவி வந்திருக்காது. இடஒதுக்கீடு மட்டும் இருந்திருந்தால் கையெழுத்துப் போடும் ஒரு பொம்மை வந்திருக்கலாம்.

பாமாவிடம் பிரச்சினை இன்னும் கூர்மையானது. 'கருக்கு' நூலில் ஒரு அண்ணன் வருகிறார். பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கைபடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துச் சிறுமி சிரிக்கிறாள். அது ஏன் சிரிப்புக்குரியதல்ல என்பதை அண்ணன் விளக்குகிறார், படித்தால் இந்த இழிவை உதறலாம் என்கிறார். அந்த அண்ணன்தான் 2024-இல் மறைந்த ராஜ் கௌதமன். 'நீ கெட்டிக்காரி' என்று தட்டிக்கொடுக்காமல், அவமானத்தின் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது இந்த வழிகாட்டல். பிறகு பாமா படித்தார், ஆசிரியரானார், கன்னியர் மடத்தில் சேர்ந்தார். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று போனவர் அங்கேயும் சாதியைக் கண்டார். 1992-இல் வெளியே வந்தார். அதே ஆண்டு 'கருக்கு' வந்தது. சோறு, உறைவிடம், பணி, மரியாதை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் பதிலுக்குப் பணிவைக் கேட்டது மடம். அந்தக் கடனை மறுத்துவிட்டு, கையில் வேலையோ வீடோ இல்லாமல் வெளியே வந்து நின்றபோதுதான் தமிழில் அப்படி ஒரு பிரதி சாத்தியமானது. இதை வீரம் என்று கொண்டாடிவிட்டு நகர்வது நமக்கு எளிது. வெளியேறினால்தான் எழுத முடியும் என்ற நிலையில் ஒரு பெண்ணை நிறுத்துகிற ஆதரவு அமைப்புகளைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

6

கைப்பிரதிக்குத் திரும்புகிறேன். இவ்வளவையும் யோசித்துவிட்டு அந்தப் பெண்ணுக்கு எழுதினேன்: நான் முன்னுரை தருவதாக இல்லை. நீங்களே எழுதுங்கள். உங்களுக்கு யார் யார் எப்படி உதவினார்கள் என்பதை அதில் எழுதுங்கள். புத்தகம் வந்ததும் நான் விமர்சனம் எழுதுகிறேன், பிடிக்காததையும் சேர்த்து.

கொள்கை சுத்தமாக இருந்தது. பதில் வந்தது: 'சரிங்கக்கா. ஆனா முன்னுரை இல்லன்னு பதிப்பாளர் புத்தகத்த நிறுத்திட்டா நான் யார்கிட்ட போய்க் கேக்கறது? நீங்க உள்ள இருந்துகிட்டு வேணாங்கறீங்க. நான் இன்னும் வாசல்லயே நிக்கிறேன்.'

அவர் சொன்னது சரி. முன்னுரை என்ற நிறுவனத்தைக் கட்டுடைக்கும் ஆடம்பரம் எனக்குக் கட்டுப்படியாகும். அந்தச் செலவை அவர் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன். 2021-இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை தரும் சட்டத் திருத்தம் வந்தது. அவருடைய கடைக்கு இன்னும் ஸ்டூல் வந்து சேரவில்லை. சட்டம் வரும்வரை காத்திரு, அமைப்பு மாறும்வரை காத்திரு என்று, கால் கடுக்க நிற்கிற ஒருவரிடம் எப்படிச் சொல்வது?

பதிப்பாளரிடம் நானே பேசினேன். அரை மணி நேரம் வாதாடினேன். 'பின்னட்டையில ரெண்டு வரியாவது குடுங்க மேடம்' என்பதில் வந்து நின்றார். கொடுத்தேன். கவிதைகளைப் பற்றி மட்டும் இரண்டு வரி, 'தங்கை' இல்லாமல், குடும்பப் பொறுப்பு இல்லாமல். இரண்டு முறை மெய்ப்புப் பார்த்தேன். அந்த வேலைக்கு என் பெயர் எங்கும் வராது. பழைய கடனில் ஏதோ கொஞ்சம் அடைகிறது என்று நினைத்துக்கொள்கிறேன், அடையாது என்றும் தெரியும்.

அவர் எழுதிய முன்னுரை நேற்று வந்தது. ஒன்றரைப் பக்கம். கவிதை எழுத வேண்டும்போல் இருக்கும்போது குடோனுக்குப் போய் பில்லின் பின்பக்கம் எழுதுவாராம். அந்த நேரத்தில் அவருடைய கவுண்டரையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு, சூப்பர்வைசர் வந்தால் 'பாத்ரூம் போயிருக்கா சார்' என்று சொன்ன மூன்று பெண்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. கீழே பென்சிலில் என்னிடம் ஒரு கேள்வி: 'அக்கா, இந்தப் பேரெல்லாம் போட்டா சிரிப்பாங்களா?'

சிரிக்க மாட்டார்கள் என்று நான் எழுதவில்லை. சிரிக்கிறவர்கள் இருப்பார்கள். மூன்று பெயர்களிலும் எழுத்துப்பிழை இல்லையா என்று அவர்களிடமே காட்டிச் சரிபார்த்துவிடுங்கள் என்று மட்டும் எழுதினேன்.